மார்கழிப் பொங்கலும் பத்தாவது நிமிடமும்

வெண்பொங்கலுக்கு மார்க் போடுவதென்றால் முதல் கவளத்துக்குப் போடக்கூடாது. தட்டு வந்து பத்து நிமிடம் ஆகி, பொங்கல் ஆறி, ஓரத்தில் மிச்சமிருக்கும் கடைசிக் கவளத்துக்குத்தான் போட வேண்டும். இந்த மார்கழி முழுக்க மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் என்று காலை டிபனுக்கு அலைந்ததில் எனக்குக் கிடைத்த முக்கியமான விமரிசன விதி இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

மொத்தம் 14 இடம். சிலவற்றுக்கு இரண்டு மூன்று தடவை போனேன். எல்லாமே சாதாரண இடங்கள்: மெஸ், தெருமுனை டிபன் சென்டர், வீட்டு வாசலிலேயே ஒரு மாமி நடத்தும் கடை, சபா கேண்டீன் இரண்டு, ஏசி ஹால் வைத்த நடுத்தர ஓட்டல் மூன்று. நட்சத்திர ஓட்டல் பக்கம் போகவில்லை. கடைகளின் பெயரையும் இங்கே போடவில்லை. ஒரு காலைப் பொழுதை வைத்துக்கொண்டு ஒரு கடைக்குத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. சரக்கு மாஸ்டர் அன்றைக்கு லீவாக இருந்திருக்கலாம், நான் பத்தரை மணிக்குப் போயிருக்கலாம். (இந்தப் பத்தரை மணி முக்கியம், பின்னால் வருகிறேன்.) நான் விமரிசிக்க நினைப்பது பண்டத்தையும், இந்த சீசனில் அதற்கு நம் ஊர் செய்வதையும்தான்.

ஏன் பொங்கல்? கம்ஃபர்ட் ஃபுட் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். தமிழில் அதற்கென்று தனியாக ஒரு சொல்லை நாம் செய்துகொள்ளவில்லை. "வயித்துக்கு இதமா இருக்கும்" என்போம், அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. இட்லி, ரசஞ்சாதம், தயிர்சாதம், பொங்கல் எல்லாம் அந்த ஜாதி. இவற்றில் பொங்கலுக்கு மட்டும் ஒரு இரட்டை வாழ்க்கை உண்டு. ஜுரம் விட்ட மறுநாளும் பொங்கல்தான், பண்டிகை நாளும் பொங்கல்தான். ரசஞ்சாதத்தை யாரும் நைவேத்தியத்துக்கு முதல் சாய்ஸாக வைப்பதில்லை. பொங்கல் இரண்டு வேலையும் பார்க்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் தேவைகள் வேறு. பண்டிகைச் சாப்பாடு தாராளமாக இருக்க வேண்டும், நாலு பேர் கண்ணில் பட வேண்டும். இதமான சாப்பாடு அளவாக இருந்தால் போதும், யாரும் பார்க்க வேண்டியதில்லை. மார்கழியில் நம் ஓட்டல்களில் இந்த இரண்டும் ஒரே தட்டில் மோதுகின்றன. முக்கால்வாசி இடங்களில் ஜெயிப்பது முதல் வகை.

கொஞ்சம் சரித்திரம். வெண்பொங்கலில் மிளகாய் கிடையாது, வெங்காயம் கிடையாது, தக்காளி கிடையாது. காரத்துக்கு மிளகும் இஞ்சியும் மட்டும். மிளகாய் போர்த்துகீசியர்கள் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்த சரக்கு. அதற்கு முன்னால் நம் காரம் என்றாலே பெரும்பாலும் மிளகுதான். தினசரி டிபனில் அந்தப் பழைய ருசி அப்படியே தங்கிப்போன சில இடங்களில் பொங்கலும் ஒன்று. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் புரட்டினால் நைவேத்தியத்துக்கான பட்டியல்கள் நிறைய வரும்: நெய்யமுது, பருப்பமுது, மிளகமுது, தயிரமுது, அடைக்காயமுது. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அரிசி நாழிக்கணக்கில் போகும். நெய்யும் மிளகும் பெரும்பாலும் உழக்கு, ஆழாக்கு, செவிடு என்று சின்ன அளவுகளில் வரும். ஒரு நாழியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு, ஆழாக்கில் ஐந்தில் ஒரு பங்கு செவிடு. படிக்கும்போது எனக்கு எங்கள் ஆபீஸ் ஸ்பெக் டாகுமென்ட் ஞாபகம்தான் வந்தது. சாமிக்கே நெய்யை அளந்துதான் ஊற்றியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பத்து நிமிட விதிக்கு வருகிறேன்.

அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. வேகும்போது தண்ணீரைக் குடித்து அரிசி உப்பும், குழையும், அமைலோஸ் வெளியே கசியும். ஆறும்போது இந்த இழைகள் மறுபடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும். உணவு விஞ்ஞானத்தில் இதற்கு ரெட்ரோகிரடேஷன் என்று பெயர். நேற்றைய சாதம் இன்றைக்கு விறைப்பாக இருப்பதும் இதனால்தான், ஆறின பொங்கல் கரண்டியில் செங்கல் மாதிரி எழுந்து வருவதும் இதனால்தான். நல்ல பொங்கலும் இறுகும், ஆனால் மெதுவாக இறுகும். அதற்கு மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். தண்ணீர் தாராளமாக இருந்திருக்க வேண்டும். பாசிப்பருப்பு போதுமான அளவு சேர்ந்து, மணி தெரியாமல் மசிந்திருக்க வேண்டும். வெந்த சூட்டிலேயே நன்றாகக் கிளறி மசித்திருக்க வேண்டும்.

இந்த மூன்றில் ஓட்டல்காரர் முதலில் கை வைப்பது பருப்பில். காரணம் சுலபம், அரிசியை விட பருப்பு விலை அதிகம். வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு போடுவோம், சில வீடுகளில் அதற்கும் மேலே. நான் சாப்பிட்ட இடங்களில் பாதிக்கு மேல் பருப்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஏசி ஹாலில் வந்த பொங்கல் பார்க்க அத்தனை அழகு. கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த வெள்ளைக் கோபுரம், உச்சியில் இரண்டு முழு முந்திரி, பக்கவாட்டில் வழியும் நெய். முதல் வாய் பிரமாதம்தான். எட்டாவது நிமிடத்தில் அது மிளகு தாளித்த குழைந்த சாதம் என்பது தெரிந்துவிட்டது. நெய் தட்டில் தனியாக ஒரு குளமாக நின்றது. பருப்பு குறைந்த பொங்கலில் நெய் இழையாது, மேலே ஊற்றியது மேலேயே நிற்கும்.

இரண்டாவது பிரச்சினை வயது. பொங்கலின் வயது!

இங்கே என் தொழிலிலிருந்து ஒரு சூத்திரத்தைக் கடன் வாங்குகிறேன். லிட்டில்ஸ் லா என்று ஒன்று இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது. வரிசை என்று எது இருந்தாலும் பொருந்தும், வங்கி கவுண்டர், சர்வர், பெட்ரோல் பங்க். உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை போகிறது என்பதால் வகுத்தால், ஒவ்வொன்றும் உள்ளே சராசரியாக எத்தனை நேரம் இருக்கிறது என்பது கிடைக்கும். அவ்வளவுதான் சூத்திரம். இதை அண்டாவுக்குப் போடுங்கள். அண்டாவில் எந்நேரமும் சராசரியாக 60 பிளேட் பொங்கல் இருக்கிறது, மணிக்கு 20 பிளேட் விற்கிறது என்றால், உங்கள் தட்டுக்கு வரும் பொங்கல் சராசரியாக 3 மணி நேரம் அண்டாவில் உட்கார்ந்துவிட்டு வந்தது. அதே அண்டாவிலிருந்து மணிக்கு 60 பிளேட் போனால் 1 மணி நேரம்.

ஆக, தோசைக்குக் கூட்டம் எதிரி, பொங்கலுக்குக் கூட்டம் நண்பன். கூட்டமான கடையில் தோசை அவசரத்தில் பாதி வெந்து வரும். பொங்கலோ புதுசாக வரும். மார்கழியில் கூட்டம் மூன்று மடங்கானால் பொங்கல் மூன்று மடங்கு இளசாக வர வேண்டும் இல்லையா? நடப்பது அதுவல்ல. கூட்டம் வரப்போகிறது என்று தெரிந்த உடனே முதலாளி பெரிய அண்டாவை இறக்குகிறார். 60 இருந்த இடத்தில் 180 பிளேட், அதிகாலையிலேயே ரெடி. கணக்கு மறுபடியும் அதே 3 மணி நேரத்தில் வந்து நிற்கும். கூட்டத்தால் வந்திருக்க வேண்டிய நன்மையைப் பெரிய அண்டா தின்றுவிடுகிறது.

மூன்று மணி நேரப் பொங்கலை எப்படிப் பரிமாறுவது? சுடுதண்ணீர் ஊற்றிக் கிளற வேண்டும், மேலே நெய் விட வேண்டும். இப்போது புரியும், சீசன் மெனுவில் "நெய் பொங்கல்" என்று தனியாக ஒரு ஐட்டம் ஏன் முளைக்கிறது என்று. (நெய் இல்லாத பொங்கலும் ஒன்று இருக்கிறது என்று அந்தப் பெயர் ஒப்புக்கொள்வது வேறு விஷயம்.) கிளறும்போதே பருப்போடு சேர்ந்த நெய் வேறு, பரிமாறும்போது மேலே விடும் நெய் வேறு. முன்னது சமையல், பின்னது பேட்ச் போடுவது. மென்பொருள்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. அடியில் இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும், ஸ்கிரீன் மட்டும் பளபளக்கும்.

தண்ணீர் சேர்த்துக் கிளறினதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பொங்கலைச் சுற்றி மெல்லிசாக ஒரு ஈர வளையம் கட்டும். வெந்த தண்ணீர் பொங்கலை விட்டுப் போகாது, பின்னால் ஊற்றின தண்ணீர் போய்விடும். எனக்கு இது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் பலித்தது.

ஆகவே என் பட்டியலில் மேலே வந்தவை எல்லாம் "தீர்ந்துபோச்சு" என்று சொல்லத் தெரிந்த கடைகள். மேற்கு மாம்பலத்தில் ஒரு டிபன் சென்டர், உள்ளே பன்னிரண்டு பேர் நிற்கலாம், உட்கார இடமில்லை. அங்கே காலையில் நாலு தடவை தனித்தனியாகப் பொங்கல் இறக்குகிறார்கள். நடுவில் பத்து இருபது நிமிடம் பொங்கல் இல்லை. "அடுத்த ஈடு வரணும் சார், இட்லி சாப்பிடறீங்களா?" என்று கேட்கிறார் சப்ளையர். காத்திருந்தேன். வந்தது கோபுரமாக நிற்கவில்லை, இலையில் தானாகப் பரவி ஓரிடத்தில் நின்றது. நெய் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலில் தெரிந்தது. மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டிருந்தார்கள். பத்தாவது நிமிடத்தில் லேசாக இறுகியிருந்தது, விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் மறுபடி இளகியது. பல ஏசி ஹால்களில் காபிக்குக் கொடுப்பதை விட அங்கே பொங்கல் விலை கம்மி.

மிளகு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. முழு மிளகு போடுவது பார்வைக்காக. வெள்ளைப் பொங்கலில் கறுப்புப் புள்ளி அழகாக இருக்கும், தட்டிப் போட்டால் பொங்கல் சாம்பல் பூத்துவிடும். ஆனால் முழு மிளகை யார் சாப்பிடுகிறார்கள்? சாப்பிட்டு எழுந்த தட்டுகளைப் பாருங்கள், ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு மிளகு வரிசையாக உட்கார்ந்திருக்கும். மிளகின் காரமான பைப்பரின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தட்டின மிளகை நெய்யில் பொரித்து உள்ளே சேர்த்தால்தான் காரம் பொங்கல் முழுக்கப் போகும். முழுசாகப் போட்டால் ஒதுக்கும் வேலை நமக்கு.

சபா கேண்டீன்களை விட்டுவிட்டு மார்கழி டிபன் பற்றி எழுத முடியாது. 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது, டிசம்பர் சீசனும் அப்படியே வளர்ந்தது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமல் கேண்டீனுக்கு மட்டும் வருகிற ரசிகர்கள் இன்று ஒரு தனிக் கூட்டம். அவர்களைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. சாப்பாட்டுக்கும் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் வேண்டும்.

சபா கேண்டீன் பொங்கலுக்கு இயற்கையாகவே ஒரு சாதகம் இருக்கிறது. காலை லெக்சர் டெமான்ஸ்ட்ரேஷன் முடிந்தால் கூட்டம் மொத்தமாக இறங்கும். சமையல்காரருக்கு நேரம் முன்கூட்டியே தெரியும், அதற்குத் தகுந்தாற்போல் இறக்கலாம். நான் போன இரண்டில் ஒன்று இதைச் சரியாகச் செய்தது. ஆவி பறக்க வந்த பொங்கல் அரைமணியில் காலி. இன்னொன்றில் பொங்கல், இடியாப்பம், பூரி, மூன்று வகை தோசை, வாழைப்பூ வடை, அசோகா என்று போர்டு முழுக்க எழுதியிருந்தார்கள். பதினெட்டு ஐட்டம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆள் பிரிந்துவிடும். பொங்கல் மணிக்கு எத்தனை போகிறது என்பது குறையும், வயது ஏறும். மெனு நீளமாக ஆக ஒவ்வொரு பண்டமும் கிழடாகிறது. அங்கே நான் சாப்பிட்டது சாதகம் பண்ணாத பாட்டுக் கச்சேரி மாதிரிதான் இருந்தது, அலங்காரம் எல்லாம் சரி, சுருதி மட்டும் இல்லை.

இந்தச் சூத்திரப்படி பார்த்தால் ஊரிலேயே இளமையான பொங்கல் மார்கழி விடியற்காலையில் கோயில்களில் கொடுக்கும் தொன்னைப் பொங்கல். இறக்கினது நேராக விநியோகத்துக்கு வரும், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், சின்னக் கோயில்களில் பத்து நிமிடத்தில் பாத்திரம் கவிழ்ந்துவிடும். பக்தர்கள் அந்த ருசிக்குச் சொல்லும் காரணம் வேறு, அதில் நான் தலையிடவில்லை. குளிரும் பசியும் கூட அதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும்.

தொட்டுக்கொள்ள என்ன? இங்கே எனக்கு ஒரு வன்மம் உண்டு, மறைக்கப் போவதில்லை. பொங்கல் மேல் சாம்பாரை ஊற்றிக் கொண்டுவந்து வைப்பது அராஜகம். கேட்டுவிட்டு ஊற்றினால் பரவாயில்லை. வெல்லம் போட்ட சாம்பார் மிளகின் வாசனையை முழுங்கிவிடுகிறது. கொத்சு வேறு ஜாதி. கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ புளியில் கரைத்த கொத்சுவில் ஒரு மெல்லிய கசப்பும் புளிப்பும் இருக்கும், அது பொங்கலின் கொழுப்பை வெட்டும். சிதம்பரத்தில் சம்பா சாதத்துக்குக் கொத்சு என்று வைத்திருப்பதும் இதே தர்க்கம்தான், அந்தச் சாதத்திலும் மிளகும் சீரகமும்தான் பிரதானம். என் 14 இடத்தில் கொத்சு கிடைத்தது மூன்றே மூன்றில். அதில் ஒன்று பெயருக்குக் கொத்சு, அடியில் சாம்பார்.

சிறுதானியப் பொங்கலும் இரண்டு இடத்தில் சாப்பிட்டேன். 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து எல்லா மெனுவிலும் ஒரு வரகோ தினையோ நிற்கிறது. சாமை பரவாயில்லை, பருப்போடு சேர்கிறது. தினை எனக்கு உதிரியாகவே வந்தது. உப்புமா என்று எழுதிக் கொடுத்திருந்தால் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டிருப்பேன்.

இனி எனக்கு நிஜமாகவே மனசில் தைத்த விஷயம். மந்தைவெளியில் ஒரு மெஸ், டிசம்பர் மூன்றாவது வாரம், சனிக்கிழமை. வாசலில் முப்பது பேர், பாதிப்பேர் கையில் போன். என்னையும் சேர்த்து எல்லோரும் "ட்ரை பண்ண" வந்தவர்கள். உள்ளே எனக்கு எதிரில் உட்கார்ந்தவருக்கு எண்பது வயதிருக்கும். அங்கே தினமும் வருகிறவர் என்பது சப்ளையர் அவரை "மாமா" என்று கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது.

"அரை பிளேட் பொங்கல் குடுப்பா. மேல நெய் வேண்டாம். அடியிலேர்ந்து கெளறிக் குடு."

"மாமா, சீசன் முடியற வரைக்கும் அரை பிளேட் இல்ல மாமா. செட்டுதான். பொங்கல், வடை, கேசரி, காபி."

அவர் கோபப்படவில்லை. செட் வாங்கினார், பொங்கலில் பாதி சாப்பிட்டார், வடையைத் தொடவில்லை, கேசரியை என் பக்கம் நகர்த்தி "நீங்க சாப்பிடுங்கோ, நான் தொடலை" என்றார். பேசினோம். மாமி போய் ஆறு வருஷம், பையன் வெளிநாடு, ராத்திரிக்கு அவரே ரெண்டு இட்லி வேகவைத்துக்கொள்கிறார். "காலையில இது ஒண்ணுதான் ஒழுங்கா உள்ள போறது. இந்த மாசம் வந்தா எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். எல்லாரும் ரசிச்சுச் சாப்பிடறா, நல்லதுதானே" என்றார்.

அரை பிளேட்டை எடுத்ததற்கு முதலாளி பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. சீசனில் ஒரு நாற்காலிக்கு இவ்வளவு வரும்படி என்று கணக்குப் போடுவார். அரை பிளேட்காரரும் செட்காரரும் ஒரே நாற்காலியை ஒரே இருபது நிமிடம் பிடித்துக்கொள்கிறார்கள். காஸ் விலை, வாடகை, ஆள் பஞ்சம் எல்லாம் அவர் தலையில். எல்லாம் சரி. ஆனால் இந்தப் பண்டத்தைப் பொறுத்தவரை அரை பிளேட் ஒரு சலுகை இல்லை, அதன் சரியான அளவே அதுதான். பொங்கல் முழுத்தட்டு சாப்பிட்டால் தூக்கம் சொக்கும் என்று ஊரே ஜோக் அடிக்கிறது. மாவுச்சத்தும் கொழுப்புமாக அவ்வளவு கனமான ஒன்றை இதமாகச் சாப்பிட வேண்டுமென்றால் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும். உடம்பு சரியில்லாதவர், வயதானவர், இன்டர்வியூவுக்குப் போகிற பையன், இவர்கள் எல்லாம் அரை பிளேட் கட்சி. அதை நிறுத்தின மறு நிமிடம் அந்த மெஸ் பொங்கலின் இரட்டை வாழ்க்கையில் ஒன்றை வெட்டிவிட்டது. நெய் குறைவு, பருப்பு குறைவு என்பதையெல்லாம் என்னால் மன்னிக்க முடியும். இதை முடியவில்லை. அன்றைய பொங்கல், ருசி மட்டும் பார்த்தால், என் பட்டியலில் மூன்றாவது.

இதற்கப்புறம் ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வியாக "அரை பிளேட் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தேன். மிச்சமிருந்த ஒன்பதில் நாலு இடம் உடனே சரி என்றார்கள். ஏசி ஹால்களில் கேள்வியே புரியவில்லை. வாசலில் கடை போடும் மாமி, "எவ்ளோ வேணும்னு கரண்டியக் காட்டறேன், போதும்னா சொல்லுங்கோ" என்றார். காசையும் அதற்குத் தகுந்தாற்போல் வாங்கிக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் கடைக்கு முதலிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். பொங்கலும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மேற்கு மாம்பலம் அளவுக்கு மசியவில்லை. இரண்டாவது இடம்.

பார்சல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மாதம் முழுக்கப் பார்சல்தான் போனது. பொங்கலுக்கு மிக மோசமான வாகனம் அலுமினியம் ஃபாயில் டப்பா. தட்டையாகப் பரத்தி வைப்பதால் சீக்கிரம் ஆறும், அழுத்தி மூடுவதால் செங்கல்லாகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் ஃபாயில் எங்கும் பெருகிவிட்டது. வாழையிலை வைத்துக் கட்டித் தருகிற கடையில் கொஞ்சம் தேவலை. எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கொண்டு போவதுதான் உத்தமம், உயரமான பாத்திரத்தில் சூடு நிற்கும். இறுகிவிட்டால் அப்படியே மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஓரம் காய்ந்து நடு சில்லென்று இருக்கும். அம்மா செய்வது: கொதிக்கிற தண்ணீரைக் கைப்பிடி அளவு தெளித்து, மூடி வைத்து, இரண்டு நிமிடம் கழித்துக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி மசிப்பது. மறுபடி சூடு ஏறும்போது இறுகின மாவுச்சத்தில் பெரும்பங்கு இளகிவிடும். பருப்பு குறைந்த பொங்கலை இதுவும் காப்பாற்றாது. ஏசி ஹால் பார்சலை இப்படிச் செய்து ஒரு வாய் போட்டுவிட்டு, "இது பொங்கலே இல்லடா, கஞ்சிக்கு நகை போட்டிருக்கான்" என்றாள். அன்றைக்கு நான் எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கக் குறிப்பை அதற்கப்புறம் திறக்கவில்லை.

மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு பல இடங்களில் அக்காரவடிசல் போட்டார்கள். அன்றைய திருப்பாவைப் பாசுரத்தில் நெய் கைவழி ஓடுகிற அளவு வரும், அதனால் அன்று நெய்யை அளக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. பால் சுண்டும் வரை பொறுமையாகக் கிளறினவர்கள் யார், கன்டென்ஸ்டு மில்க் டின்னைத் திறந்தவர்கள் யார் என்பது மட்டும் முதல் ஸ்பூனிலேயே தெரிகிறது. இரண்டாவது வகையில் இனிப்பு நாக்கின் நுனியிலேயே நின்றுவிடும்.

போகியோடு என் அலைச்சல் முடிந்தது. தை ஒன்றாம் தேதி மேற்கு மாம்பலம் கடை பூட்டியிருந்தது. மாஸ்டரும் சப்ளையரும் ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்துப் பூக்கடையில் சொன்னார்கள், திரும்ப நாலைந்து நாள் ஆகுமாம். மந்தைவெளி மெஸ்ஸும் மூடல். பொங்கலன்று சென்னையில் நல்ல வெண்பொங்கலுக்கு வீட்டு அடுப்பைத்தான் நம்ப வேண்டும் போலிருக்கிறது. மெஸ் திறந்ததும் போய்ப் பார்த்தேன். சீசன் போர்டை எடுத்துவிட்டார்கள். அரை பிளேட் இன்னும் வரவில்லை, செட் அப்படியே இருக்கிறது. "கேட்டுப் பாக்கறேன் சார்" என்றார் சப்ளையர். நீங்கள் அந்தப் பக்கம் போனால் நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.